அயலார் சந்தையில் நாணயம்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவழியிலே கோப்பாயைக் கடந்ததும் நீர்வேலி என்னும் ஊர் எதிர்ப்படும். செம்மண் நிலமும் கிணற்று நீரும் உழைப்பும் சேர்ந்து வளர்த்த வாழைத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அவ்வூர்த் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் ஒரு கதலிக் குலையை வெட்டிச் சந்தைக்குக் கொண்டு செல்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் அவர் எவரையும் எதுவும் கேட்டறிய வேண்டியதில்லை. விலை எவ்வாறு பேசப்படும், நிறையிலே கழிவு எவ்வளவு கழிக்கப்படும், கடன் சொன்னவர் எந்நாளில் பணந்தருவார், எவருடைய சொல்லை நம்பலாம் என்பன யாவும் அவருக்குத் தெரியும். வாங்குபவருக்கும் அவை தெரியும். எழுதப்படாத ஒரு சட்டப் புத்தகத்தை இருவரும் சிறு பிராயத்திலேயே மனனஞ் செய்திருக்கின்றனர்.

அதே குலை கடல் கடந்து துபாய்க்குச் செல்வதாயின் நிலைமை முற்றும் மாறிவிடுகின்றது. அங்கே குலையாக வாங்குவாரில்லை. சீப்புச் சீப்பாக வெட்டிப் பால் கழுவி அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஏறக்குறைய 13 முதல் 14 பாகை வரையான குளிரில் அனுப்ப வேண்டும். கழிவு என்று நாம் சொல்லும் வழக்கம் அங்குள்ள வணிகருக்கு விளங்காது. அவர்கள் சொல்லும் நிபந்தனைகள் நமக்கு விளங்கா. யாழ்ப்பாணத்து வாழைப்பழத்தை வளைகுடா நாடுகளுக்கு அனுப்பும் முயற்சிகள் அண்மைய ஆண்டுகளில் நடைபெற்றிருத்தலால் இது வெறுங் கற்பனையன்று. வேறு மொழியும் வேறு வழக்கமும் உடைய மக்களோடு நாம் எவ்வாறு வாணிகஞ் செய்வது என்னும் கேள்வி, நமது தோட்ட வரம்பு வரையில் வந்து நிற்கின்றது.

வளர்ந்துவரும் சந்தைகள் என்று ஒரு தொடர் இக்காலத்தில் அடிக்கடி செவியில் விழுகின்றது. உலக வங்கியைச் சார்ந்த சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனத்தில் பணியாற்றிய அன்டுவான் வான் அக்ட்மேல் என்பவர் 1981ஆம் ஆண்டில் இத்தொடரை வழக்கிற்குக் கொண்டுவந்தார். வறிய நாடுகள் என்று ஒதுக்கப்பட்டவற்றுள் வேகமாக முன்னேறும் நாடுகளை முதலிடுவோர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. பெயர் புதிது, பொருள் பழையது. புதிதாகத் திறக்கும் நாடுகளுக்குத் தமிழர் பன்னூறு ஆண்டுகளாகச் சென்று வாணிகஞ் செய்திருக்கின்றனர். அவ்வனுபவத்தினுள்ளே பெருவெற்றியும் உண்டு, பெருந்தோல்வியும் உண்டு. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினால் நமக்கு ஒரு பாடம் கிடைக்கும்.

முதலிலே நமது அயலிலுள்ள ஒரு கல்லைக் காண்போம். நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்திலே ஒரு சாசனம் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பொலனறுவையிலிருந்து அரசாண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் சாசனம் அது. அதனைப் பிறப்பித்தவன் சிங்கள மன்னன். அது பொறிக்கப்பட்ட மொழியோ தமிழ். பிறநாட்டு வணிகர் ஊர்காவற்றுறையிலே வந்து இறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. அரசனுக்கு யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் கெடுமாயின் நாலிலொரு பங்கு திறைசேரிக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வாணிக மரக்கலம் கெடுமாயின் சரிபாதி திறைசேரிக்கும் சரிபாதி உடையவனுக்கும் உரியன. கப்பல் உடைந்த பிறகு யாருடைய பொருள் யாருக்கு என்று சண்டையிடாமல், உடையுமுன்னரே எல்லோருக்கும் தெரியும்படி கல்லிலே எழுதிவைத்தான் அம்மன்னன். அதனையும் வருபவருக்கு விளங்கும் மொழியிலே எழுதிவைத்தான். அயலாரோடு செய்யும் வாணிகத்துக்கு அடிப்படை இது என்று சொல்லலாம். நட்டம் வரும்போது என்ன செய்வது என்பதை இலாபம் பேசும்போதே இருதரத்தாரும் அறிந்திருத்தல் வேண்டும்.

மற்றொரு கல் தென்னிலங்கையிலே கிடைத்தது. 1911ஆம் ஆண்டிலே காலி நகரில் ஒரு வடிகாலை மூடிய கல்லாகக் கிடந்த அதனை எடுத்துப் பார்த்தபோது, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுத்துகள் காணப்பட்டன. சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த அக்கல் 1409ஆம் ஆண்டிற்குரியது. கொழும்பு நூதனசாலையிலே வைக்கப்பட்டுள்ளது. சீனப் பகுதி புத்தபிரானுக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் எழுந்தருளிய நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கை செலுத்தியதைக் கூறுகின்றன. மூவர்க்கும் அளித்த காணிக்கைகள் பெரிதும் ஒத்தவையே. இந்து சமுத்திரத்திலே வாணிகம் நடத்திய மக்களின் மொழியையும் வழிபாட்டையும் ஒரு பேரரசு எவ்வளவு நுணுக்கமாகக் கருத்திற் கொண்டது என்பதற்கு இது சான்று.

ஆயினும் கதை அங்கு முடியவில்லை. அதே கப்பற்படை 1411ஆம் ஆண்டளவிலே இந்நாட்டு ஆட்சியாளரோடு போர் செய்து அவரைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றது. மூன்று மொழியிலே மரியாதை எழுதிய கையே வாளையும் ஏந்தியது. எனவே அயலாரின் மொழியைக் கற்பதும் அவர்தம் தெய்வத்தை மதிப்பதும் வாணிகத்தின் வாயில்கள் மாத்திரமே. வாயிலுக்கு உள்ளே நடந்துகொள்ளும் முறையை நோக்கியே நம்பிக்கை பிறக்கும் என்பதையும் அக்கல் நமக்கு நினைவூட்டுகின்றது.

இனி யாழ்ப்பாணத்தவர் செய்த வாணிகத்துக்கு வருவோம். ஐரோப்பியர் காலத்திலே இக்குடாநாட்டிற் பயிரான புகையிலை, மலையாள நாட்டிலே பெரிதும் விரும்பப்பட்டது. வெற்றிலையோடு சப்புவதற்கு ஏற்ற கருநிறமும் காரமும் உடைய புகையிலையையே அவர்கள் நாடினர். நமது கமக்காரர் அந்தச் சுவையை அறிந்து அதற்கேற்பப் பயிரிட்டனர். குடிலிலே புகையூட்டிப் பதப்படுத்தினர். மலையாளப் புகையிலை என்று ஒரு வகைக்குப் பெயரே வந்துவிட்டது. தாம் உண்ணாத சுவையைப் பிறருக்காக ஆக்குவது எளிதன்று. வாங்குபவனின் நாவை அறிந்து விற்பவன் தன் நிலத்தைப் பழக்கிய அருமையான எடுத்துக்காட்டு இது.

ஆனால் அந்த வாணிகத்துக்கும் ஒரு பலவீனம் இருந்தது. திருவிதாங்கூரிலே புகையிலை அரசாங்கத்தின் தனியுரிமையாக இருந்தது. 1863ஆம் ஆண்டிலே திவான் மாதவராவ் அத்தனியுரிமையை ஒழித்து, சுங்கவரி செலுத்தி எவரும் இறக்குமதி செய்யலாம் என்று ஏற்பாடு செய்தார். அதன் பின்னரும் வரி கூடினால் நமது தோட்டம் வாடியது. வரி குறைந்தால் தோட்டம் தழைத்தது. கடலுக்கு அப்பால் ஓர் அலுவலகத்திலே எழுதப்படும் ஒரு வரி, இங்குள்ள ஒரு குடும்பத்தின் அடுப்பைத் தீர்மானித்தது. தனித்தனியே விற்ற கமக்காரர் பிற்காலத்திலே கூட்டுறவாகச் சேர்ந்து மலையாளப் புகையிலையை விற்க முயன்றமைக்கு இதுவே காரணம். அயல்நாட்டுச் சந்தையில் ஒருவனுடைய குரல் கேட்காது. ஊராருடைய குரல் ஓரளவு கேட்கும். பின்னர் இரு நாடுகளும் சுதந்திரமடைந்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது அச்சந்தையும் கைநழுவிப் போயிற்று. ஒரே சந்தையை நம்பியிருப்பவன் பிறருடைய கையிலே தன் பிடியைக் கொடுத்தவனாகின்றான்.

மலையாள நாட்டிற்குச் சென்றது சப்பும் புகையிலையாயின், தென்னிலங்கைக்குச் சென்றது சுருட்டு. யாழ்ப்பாணத்து வணிகர் தென்னிலங்கைப் பட்டினங்களிலே சுருட்டுக்கடை வைத்தனர். சுருட்டுக்கடை என்ற பெயர் இருந்தபோதிலும் அங்கே பலசரக்கும் விற்கப்பட்டது. கடையிலே வேலைக்குச் சென்ற பையன் முதலிலே கற்றது கணக்கன்று, சிங்களம். ஒரு கிராமத்துப் பெண் என்ன சாமானை என்ன பெயரால் அழைப்பாள், வெசாக் மாதத்தில் என்ன வேண்டும், புத்தாண்டுக்கு முன் என்ன விற்கும், எந்த வீட்டுக்குக் கடன் கொடுக்கலாம் என்பவற்றையெல்லாம் அவன் பள்ளிக்கூடத்தில் அல்லாமல் கடைவாசலில் நின்றே கற்றான். அயலவருடைய நன்மை தின்மைகளுக்கும் கடைக்காரர் சென்று வந்தனர். பண்பாடுகளுக்கிடையே வாணிகம் என்று இன்று பெரிய நூல்களில் எழுதப்படுவதனை அவர்கள் எழுத்தறியாமலே நடத்திக் காட்டினர் என்பது மிகையன்று.

ஆயினும் உண்மையை மறைத்தலாகாது. 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த இனவன்செயல்களில் அத்தகைய கடைகள் பல எரிந்தன, பலர் உயிரிழந்தனர், பலர் கையில் ஒன்றுமின்றி ஊர் திரும்பினர். அந்நாட்களிலே தம் வீட்டினுள் ஒளித்து வைத்துத் தமிழரைக் காத்த சிங்கள அயலவரும் இருந்தனர். கடைவாசலிலே வளர்ந்த பழக்கம் பல உயிர்களைக் காத்தது. கடையைக் காக்க அதற்கு வலிமை போதவில்லை. தனி மனிதர் இருவர்க்கிடையே உள்ள நம்பிக்கை எவ்வளவு ஆழமாயினும், நாட்டிலே நீதி குன்றியபோது அது தனித்து நிற்க மாட்டாது. வாணிகஞ் செய்யச் செல்பவர் சந்தையை மட்டும் படித்தாற் போதாது. அந்நாட்டு மக்களின் மனக்குறைகளையும் அரசியலின் போக்கையும் படித்தல் வேண்டும்.

இவ்வுண்மையை மிகப் பெரிய அளவிலே காட்டுவது பர்மாவிலே நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திய வாணிகம். அதனைச் சற்று விரிவாகவே நோக்குதல் தகும்.

1852ஆம் ஆண்டிலே கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1869ஆம் ஆண்டிலே சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்பும் வழி குறுகிற்று. ஐராவதி ஆற்றின் கழிமுகத்திலே காடும் சதுப்பும் வயல்களாக மாறின. 1850களிலே ஏறக்குறைய 10 இலட்சம் ஏக்கராக இருந்த கீழ்ப் பர்மாவின் நெல்வயல், 1930களிலே ஏறக்குறைய 1 கோடி ஏக்கராகப் பெருகிற்று. காட்டை வெட்டவும் மாடு வாங்கவும் அறுவடை வரையில் உண்ணவும் உழவனுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆங்கிலேய வங்கிகள் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த இடைவெளியிலே செட்டிநாட்டிலிருந்து சென்ற நகரத்தார் புகுந்தனர். பிற்காலத்தார் வளர்ந்துவரும் சந்தை என்று பெயரிட்டது அன்றைய பர்மாவுக்கு முற்றும் பொருந்தும்.

அவர்களுடைய ஒழுங்கு வியக்கத்தக்கது. சிறுவன் ஒருவன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து கணக்கும் வட்டியும் கற்பான். பின்னர் அடுத்தாள் ஆவான். தகுதி காட்டினால் கடைப் பொறுப்பை ஏற்கும் மேலாள் ஆவான். பெரும்பாலும் மூன்றாண்டு ஒரு கணக்கு. சம்பளத்தின் ஒரு பகுதி முன்கூட்டியே குடும்பத்திடம் கொடுக்கப்படும். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்புவித்து ஊர் திரும்ப வேண்டும். கிட்டங்கி என்னும் நீண்ட மண்டபத்திலே பல கடைகள் அருகருகே அமைந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டியும் ஒரு பாயும் போதும். இரங்கூன் மொகல் தெருவிலிருந்த கோயிலிலே மாதந்தோறும் நகரத்தார் கூடித் தமக்குள் வழங்கும் நடப்பு வட்டியை நிர்ணயித்தனர். ஒருவர் மற்றொருவருக்கு வாய்ச்சொல்லினாலே பெருந்தொகை கொடுப்பார். அது தவறாது திரும்பும். வழக்கு நேர்ந்தாலும் கோயிலிலே வைத்துத் தீர்ப்பர்.

1929-30ஆம் ஆண்டுகளிலே பர்மாவின் வங்கித்தொழிலை ஆராய்ந்த மாகாண விசாரணைக் குழுவின் மதிப்பீட்டின்படி, நகரத்தாரின் கடைகள் பர்மா முழுவதிலும் ஏறக்குறைய 1650 இருந்தன. அவற்றிலே உழன்ற மூலதனம் ஏறக்குறைய 75 கோடி ரூபா. உள்நாட்டு லேவாதேவிக்காரர் பலர் வாங்கிய வட்டியினும் நகரத்தாரின் வட்டி குறைவாகவே இருந்தது. உலகத்துக்கு அரிசி அளித்த ஒரு நாட்டின் வயல்களிலே அவர்களுடைய பணம் விதையாக விழுந்தது என்று கூறலாம். நேர்மையும் சிக்கனமும் அவர்களுக்குள்ளே குறைவற நிலவின.

அங்ஙனமாயின் குறை எங்கே இருந்தது?

பர்மிய உழவனின் மரபிலே நிலத்தை அடைவு வைத்தலும் விற்றலும் முடிந்த முடிபல்ல. பணம் கிடைத்தபோது மீட்டுக்கொள்ளும் உரிமை குடும்பத்துக்கு உண்டு என்பது பழைய வழக்கம். ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டமோ வேறு. தவணை தப்பினால் நீதிமன்றம் நிலத்தைக் கடன் கொடுத்தவருக்கு முடிவாக மாற்றிக் கொடுத்துவிடும். ஒரே பத்திரத்தை இருவர் இருவிதமாக வாசித்தனர். மேலாள் அதனைச் சட்டமாக வாசித்தார். உழவன் அதனை வழக்கமாக வாசித்தான். நெல் விலை உயர்ந்துகொண்டிருந்த காலத்திலே இந்த வேறுபாடு எவர் கண்ணிலும் படவில்லை.

1929ஆம் ஆண்டிலே தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தினால் நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. உழவனால் கடன் இறுக்க முடியவில்லை. கடன் கொடுத்தவரோ ஊரிலுள்ளவர் வைத்த பணத்துக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர். நிலங்கள் கை மாறின. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களிலே 1930ஆம் ஆண்டில் நகரத்தாரிடம் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம்; 1938ஆம் ஆண்டில் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று. அந்நிலத்தை அவர்கள் விரும்பிச் சேர்க்கவில்லை. அவர்கள் வேண்டியது பணமேயன்றி வயலன்று. ஆயினும் தன் பாட்டன் வெட்டிய வயலிலே தானே குத்தகைக்காரனாக நின்ற உழவனுக்கு அந்த நுட்பம் எவ்வாறு புலப்படும்? 1930ஆம் ஆண்டு முடிவிலே சாயா சான் தலைமையில் உழவர் கலகம் எழுந்தது. 1930இலும் 1938இலும் இந்தியருக்கெதிரான கலவரங்கள் நிகழ்ந்தன.

பின் நடந்தவை யாவரும் அறிந்தவை. 1941 டிசம்பரிலே யப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டு வீசின. இலட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகவும் கப்பலிலும் வெளியேறினர். வழியிலே மாண்டவர் பலர். 1948ஆம் ஆண்டிலே சுதந்திரம் பெற்ற பர்மா, நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றிற்று. 1962ஆம் ஆண்டு இராணுவ ஆட்சி வந்ததன்பின் வங்கிகளும் வாணிகமும் நாட்டுடைமையாயின. மூன்று தலைமுறை சேர்த்த பொருளுக்குப் போதிய நட்டஈடு கிடைக்கவில்லை.

இதிலே நகரத்தாரை மட்டும் குற்றஞ் சொல்லுதல் நீதியாகாது. மீட்கும் உரிமையை மறுத்த சட்டத்தை அவர்கள் இயற்றவில்லை. நெல் விலையை அவர்கள் வீழ்த்தவில்லை. அரிசி ஆலைகளையும் ஏற்றுமதியையும் பெரும்பாலும் ஐரோப்பியக் கொம்பனிகளே ஆண்டன. எனினும் உழவனின் கண்ணெதிரே நின்ற முகம் மேலாளின் முகமே. மூன்றாண்டுக்கு ஒருமுறை அந்த முகமும் மாறிக்கொண்டிருந்தது. குடும்பத்தை ஊரிலே விட்டு, கிட்டங்கியிலே தம்மவரோடு உறைந்து, தம் கோயிலிலே தம் வழக்கைத் தீர்த்து, ஈட்டியதை ஊருக்கு அனுப்பிய வாழ்க்கை அது. உள்ளே இருந்தவர்க்கு அது கட்டுப்பாடு. வெளியே நின்று பார்த்தவனுக்கு அது மூடிய கதவு.

நேயர்களே, இங்கேதான் நான் சொல்ல விரும்பும் கருத்து தெளிவாகின்றது. அயலார் நாட்டிலே வாணிகஞ் செய்வோருக்கு இருவகை நம்பிக்கை வேண்டும். ஒன்று தம்மவருக்கிடையே உள்ள அகநம்பிக்கை. மற்றொன்று அந்நாட்டாரோடு உள்ள புறநம்பிக்கை. அகநம்பிக்கை கடையைத் திறந்து வைக்கும். புறநம்பிக்கையே புயலடிக்கும் நாளிலும் அதனை நிலைக்கச் செய்யும். நகரத்தார் முதலாவதிலே எவராலும் விஞ்ச முடியாதவராய் இருந்தனர். இரண்டாவதை வளர்க்கக் காலமும் வாய்ப்பும் சட்டமும் அவர்களுக்கு இடந்தரவில்லை. தென்னிலங்கையிலே கடை வைத்த நம்மவர் புறநம்பிக்கையை ஓரளவு வளர்த்தனர். நாட்டின் நீதி குன்றியபோது அதுவும் போதாதாயிற்று. ஆகவே இவ்விரண்டும் நாட்டின் நல்ல சட்டமும் ஒருங்கு சேர்ந்தாலன்றி அயற்சந்தை நிலைப்பதில்லை.

இலங்கையிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. கொழும்பிலே செட்டியார் தெரு நெடுங்காலம் இந்நாட்டுக் கடனுதவியின் நரம்பாக இருந்தது. 1925ஆம் ஆண்டில் ஏற்பட்ட நெருக்கடியின் பின் ஐரோப்பிய வங்கிகள் செட்டிமாருக்குப் பணம் கொடுப்பதைச் சுருக்கின. இலங்கை வணிகர் கடனின்றி இடர்ப்பட்டனர். சேர் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையிலான வங்கி ஆணைக்குழு 1934ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. 1939ஆம் ஆண்டிலே இலங்கை வங்கி தோன்றிற்று. அயலார் நடத்தும் தொழில் இந்நாட்டவர்க்கு என்ன கற்பித்தது, அவர்களுக்கு எதை விட்டுச் சென்றது என்னும் கேள்வியை ஒவ்வொரு நாடும் ஒரு நாள் கேட்டே தீரும். அன்று விடைகூற ஆயத்தமாக இருப்பவனே நிலைப்பான்.

இனி நமது வாழைக்குலைக்குத் திரும்புவோம். நம்மிற் பலர் வெளிநாட்டு ஏற்றுமதி என்றவுடன் இலண்டனிலும் பாரிசிலும் தொரந்தோவிலும் வாழும் உறவினரை நினைக்கின்றோம். ஒடியலும் பனங்கட்டியும் முருங்கைக்காயும் அங்குள்ள தமிழ்க் கடைகளிலே விற்கின்றன. அது நல்லதே; ஆயினும் தம்மவர்க்கு விற்பது வாணிகத்தின் அரைப்பங்கு. அங்கே பொருளோடு ஊர் நினைவும் சேர்ந்து விற்கின்றது. அந்நினைவு இல்லாத ஒருவர், பழத்தை மட்டுமே பார்த்து, மறுமுறையும் வாங்குவாராயின் அன்றே நாம் வணிகராவோம்.

அதற்கு முதலாவதாக வேண்டப்படுவது நுணுகி அறியும் பொறுமை. வளைகுடா என்று நாம் ஒரே சொல்லாற் சொல்லிவிடுகின்றோம். சவூதி அரேபியாவிலே வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஐக்கிய அரபு இராச்சியத்திலே 2022ஆம் ஆண்டு முதல் சனியும் ஞாயிறும் விடுமுறை, வெள்ளி அரைநாள். இதனை அறியாதவனுடைய பழம் துறைமுகத்திலே இரண்டு நாள் காத்துக் கிடக்கும். றமழான் மாதத்திலே மக்கள் உண்ணும் வேளையும் வாங்கும் வேளையும் மாறுகின்றன. அம்மாதமோ நமது நாட்காட்டியில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னதாக வருகின்றது. சென்ற ஆண்டு வெட்டிய நாளையே இவ்வாண்டும் நம்பியிருத்தல் கூடாது. உலகச் சந்தையிலே பெரும்பாலும் விற்பது கவன்டிஷ் என்னும் பெரிய இன வாழை. நமது கதலி சிறியது, சுவை வேறு. அதனை அறியாத ஒருவருக்கு அதன் அருமையை எடுத்துச் சொல்லுவதும் வாணிகத்தின் ஒரு பகுதியே.

இரண்டாவது, நட்டத்தை முன்னரே பேசிக்கொள்ளுதல். பழம் வழியிலே கனிந்துவிட்டால் யார் பொறுப்பு? நாணய மதிப்பு இறங்கினால் எந்த விலை செல்லும்? 2022ஆம் ஆண்டிலே இலங்கை ரூபாவின் பெறுமதி சில மாதங்களிலே வீழ்ந்ததனை நாம் அனைவரும் கண்டோம். நயினாதீவுக் கல்லிலே கெட்ட மரக்கலத்துக்கு இட்ட விதியை நாம் நமது ஒப்பந்தத்திலே எழுதிக்கொள்ள வேண்டும். நாகரிகம் கருதி இதனைப் பேசாது விடுவது நம்மவர் இயல்பு. பேசாது விட்டவர்களே பின்னர் பகைவராகின்றனர்.

மூன்றாவது, கூட்டாக நிற்றல். ஒரு பெட்டியின் அடியிலே ஒருவர் வைத்த தரக்குறைவான சீப்பு, அவருடைய பெயரை மட்டும் கெடுப்பதில்லை. வாங்குபவருக்கு அவர் பெயர் தெரியாது. பெட்டியின்மேல் எழுதிய ஊரின் பெயரே தெரியும். ஒருவர் செய்த சிறு வஞ்சகத்துக்கு நூறு குடும்பம் ஈடு கட்ட நேரும். மலையாளப் புகையிலைக் காலத்திலே நம் முன்னோர் சங்கமாகச் சேர்ந்ததை நாம் தரத்தைக் காப்பதற்காகவும் மேற்கொள்ள வேண்டும்.

நான்காவது, மொழி. ஒரு பாடசாலையின் அதிபர் என்ற முறையிலே இதனைச் சற்று அழுத்திச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. பரீட்சைக்காகச் சிங்களமும் ஆங்கிலமும் படிக்கும் நமது மாணவர், ஒரு விலையைக் கேட்கவும் ஒரு தவறுக்கு வருத்தந் தெரிவிக்கவும் அம்மொழிகளிலே இயலாது நிற்கின்றனர். சுருட்டுக்கடைப் பையன் வகுப்பறை காணாமலே கற்றதை நாம் வகுப்பறையிலே கற்பிக்கத் தவறுகின்றோம். இன்று நம்மிடையே படிக்கும் பிள்ளைகளுட் பலர் நாளை அயல்நாட்டவரோடு கொடுக்கல் வாங்கல் செய்யப் போகின்றவர். அவர்களுக்கு நாம் கொடுத்தனுப்பும் மூலதனம் இது.

இறுதியாக ஒன்று. திருவள்ளுவர் வணிகரைப் பற்றிச் சொன்ன ஒரு குறளைப் பொருட்செல்வத்தைப் பேசும் அதிகாரத்திலே வைக்கவில்லை. நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் முடிவிலே வைத்தார். பிறருடைய பொருளைத் தன்னுடையதாகக் கருதிக் காப்பவனே நல்ல வணிகன் என்பது அதன் கருத்து. தராசின் இரு தட்டுகளிலும் ஒரே கண்ணை வைப்பவனுக்கு அயலான் என்பவன் இல்லை. நாணயம் என்னும் சொல் நம் மொழியிலே காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். காசாகிய நாணயம் எல்லை கடந்தால் மாற்றப்பட வேண்டும். நேர்மையாகிய நாணயம் மாற்றமின்றி எந்நாட்டிலும் செல்லும்.

நீர்வேலியின் வாழைக்குலை எந்தக் கடல் கடந்து எந்தச் சந்தையை அடைந்தாலும், அதனை வாங்கும் முகமறியாத மனிதர் மறுமுறையும் அப்பெட்டியையே கேட்பாராக. அதற்கான உழைப்பு நமது தோட்டத்திலும் நமது வகுப்பறையிலும் இன்றே தொடங்குதல் வேண்டும்.